மார்கழியில் ஒரு மைதானம்

(இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் வாழும் தமிழ்க் கால்பந்து ரசிகர், குளிர்காலத்து ஆட்டங்கள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கோயம்புத்தூர் வாசகர்: ஜெர்மனியில் குளிர்காலம் வந்தால் லீக்குக்கே விடுமுறை. இங்கிலாந்தில் மட்டும் கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆட்டம் கூடுகிறதே, ஏன்?

ஜெர்மனி ஆடுபவனின் ஓய்வை நினைத்தது. இங்கிலாந்து பார்ப்பவனின் ஓய்வை நினைத்தது. ஆலை ஓடும் நாளில் மேட்ச் பார்க்கத் தொழிலாளிக்கு நேரம் ஏது? ஆலைக்குப் பூட்டு விழுந்த நாளில்தான் மைதானத்துக் கதவு திறந்தது. டிசம்பர் 26, அதாவது பாக்ஸிங் டே, 1871-ல் சட்டப்படி பொது விடுமுறை ஆனது. எங்கள் ஊர்க் கணக்கு அதற்கும் மூத்தது. 1860 டிசம்பர் 26 அன்று ஷெஃபீல்டு கிளப்பும் ஹாலம் கிளப்பும் இங்கே சாண்டிகேட் மைதானத்தில் மோதின. ஷெஃபீல்டு 2-0 என்று ஜெயித்தது. இரண்டு கால்பந்து கிளப்புகள் ஒன்றோடொன்று ஆடிய முதல் ஆட்டம் என்று வரலாறு அதைத்தான் குறித்து வைத்திருக்கிறது. கிளப் கால்பந்து கண் திறந்ததே மார்கழிக் குளிரில்தான்.

வியாசர்பாடி வாசகர்: சனிக்கிழமை மூன்று மணி என்பது அங்கே ஏதோ முகூர்த்த நேரம் போல இருக்கிறதே?

அந்த முகூர்த்தத்தைக் குறித்தது ஆலைச் சங்கு. 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், ஜவுளி ஆலைகளில் சனிக்கிழமை வேலையை மதியம் 2 மணிக்கு முடிக்கச் சொன்னது. சம்பளத்தை வாங்கி, வாய்க்கு எதையாவது போட்டுக்கொண்டு, நடந்தே மைதானம் வந்து சேர்ந்தால் மணி மூன்று. ஆனால் டிசம்பரில் இங்கே நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதனால் விளக்கு இல்லாத காலத்தில் குளிர்கால ஆட்டங்களை முன்கூட்டியே தொடங்கினார்கள். மின்விளக்கில் ஆடிப் பார்க்கும் முயற்சி 1878 அக்டோபர் 14 அன்று எங்கள் ஊர் பிரமால் லேன் மைதானத்திலேயே நடந்தது. ஆனாலும் லீக் ஆட்டம் ஒன்றை விளக்கொளியில் நடத்த 1956 வரை காத்திருந்தார்கள். அந்தப் பிப்ரவரியில் போர்ட்ஸ்மத்தும் நியூகாசிலும் ஆடியதுதான் முதல். முயற்சிக்கும் அனுமதிக்கும் நடுவே 77 வருடத்துக்கு மேல்!

மதுரை வாசகர்: அந்த மூன்று மணி ஆட்டத்தை நான் இங்கே இரவு சாப்பாட்டு நேரத்தில் டிவியில் பார்க்கிறேன். நீங்கள் அங்கே சுடச்சுடப் பார்ப்பீர்கள், இல்லையா?

கிரவுண்டுக்குப் போனால் பார்ப்பேன். வீட்டில் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது எனக்குக் கிடைக்காது. பிரிட்டனில் சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை நேரடியாக ஒளிபரப்பத் தடை இருக்கிறது. 1960-களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட் முன்னின்று வாதாடியதில் வந்த ஏற்பாடு அது. பெரிய அணியின் ஆட்டம் வீட்டுக்கே வந்துவிட்டால் சின்ன ஊர் மைதானத்துக்கு யார் போவார்கள் என்பது அவர் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. மழையிலும் பனியிலும் சில நூறு பேர் வந்து வாங்கும் டிக்கெட்டில்தான் பல கிளப்புகள் உயிர் வாழ்கின்றன. உங்கள் இரவு 8.30 மணி ஆட்டத்தை நான் விட்டுக்கொடுப்பது அவர்களுக்காக என்றால், மனதாரச் சரி.

திருச்சி வாசகர்: சாம்பியன்ஸ் லீக் குளிர்காலத்தில் இங்கே நள்ளிரவு 1.30-க்குத் தொடங்குகிறது. காலையில் வேலை. என்ன செய்ய?

லீக் சுற்றில் தூங்குங்கள். நாக்-அவுட்டில் விழித்திருங்கள். இறுதி ஆட்டத்துக்கு லீவு போடுங்கள்.

ஹாரோ, லண்டன் வாசகர்: கோட்டு, குல்லாய், கையுறை எல்லாம் போட்டும் கிரவுண்டில் உடம்பு நடுங்குகிறது. எங்கே தவறு?

காலில். கான்கிரீட் படிக்கட்டு உள்ளங்கால் வழியாக உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பழைய ரசிகர்கள் ஒரு அட்டைத் துண்டையோ மடித்த செய்தித்தாளையோ காலடியில் போட்டு அதன்மேல் நிற்பார்கள். இன்றும் பலன் தருகிற வைத்தியம் அது. பருத்திக் காலுறை வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளிக் காலுறை போடுங்கள். ஷூ கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், விரலை அசைக்க இடம் வேண்டும். மேலே ஒரே தடிமனான உடுப்பைவிட மெல்லிய மூன்று அடுக்கு மேல். முன்மாதிரி வேண்டுமென்றால் பிபிசி வர்ணனையாளர் ஜான் மாட்சனைப் பாருங்கள். 1990 டிசம்பரில் விக்கம் மைதானத்தில் கொட்டும் பனியில் ஆட்டுத்தோல் கோட்டோடு நின்று பேசினார். அந்தக் கோட்டு அவர் பேரோடு ஒட்டிக்கொண்டது.

கும்பகோணம் வாசகர்: மைதானத்தில் என்ன சாப்பிடக் கிடைக்கும்? நான் சைவம்.

அப்படியானால் முதல் எச்சரிக்கை: ‘போவ்ரில்’ என்று ஒரு பானம் ஆவி பறக்கக் கையில் கொடுப்பார்கள். பார்க்கக் கறுப்புக் காபி மாதிரி இருக்கும். மாட்டிறைச்சிச் சாறு அது. பிரிட்டிஷ் மைதானங்களின் குளிர்கால அடையாளமே அதுதான் என்றாலும், வேண்டாம் என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், சிரித்துவிட்டுத் தேநீர் தருவார்கள். சீஸும் வெங்காயமும் வைத்த பை சாப்பிடலாம். உருளைக்கிழங்குச் சிப்ஸ் வாங்கினால், எந்த எண்ணெயில் பொரித்தது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வட இங்கிலாந்தில் மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் உண்டு. பெரிய மைதானங்கள் பலவற்றில் பிளாஸ்க் கொண்டுபோக விடமாட்டார்கள். சின்ன கிளப்பில் விடுவார்கள். அங்கே உங்கள் பிளாஸ்க்கில் ஃபில்டர் காபி இருந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் ஒரு மூடி ஊற்றிக் கொடுங்கள். அந்தச் சீசன் முழுக்க உங்களுக்கு ஒரு தோழர் நிச்சயம்.

ஊட்டி வாசகி: எங்கள் ஊரிலேயே உறைபனி விழுந்தால் புல் கருகிவிடுகிறது. அங்கே எப்படிப் பச்சைப் பசேல் என்று ஆடுகிறார்கள்?

புல்லுக்குக் கீழே வெந்நீர் ஓடுகிறது. தரைக்கடியில் குழாய்களைப் பதித்து வெதுவெதுப்பான நீரைச் சுற்ற விடுகிறார்கள், மண் உறைவதில்லை. பிரீமியர் லீக்கில் ஆட இந்த ஏற்பாடு கட்டாயம். இங்கிலாந்தில் இதைத் தொடங்கி வைத்தது எவர்ட்டன். 1958-ல் கூடிசன் பார்க்கில் தரைக்கடியில் மின்கம்பியைப் பதித்தார்கள். பனி அருமையாக உருகியது. உருகிய தண்ணீர் போகத்தான் வழி போதவில்லை. 1960-ல் மறுபடியும் தோண்டி வடிகால் போட்டார்கள். சின்ன கிளப்புகளுக்கு இந்த வசதி எல்லாம் கிடையாது. அங்கே காலையில் நடுவர் வருவார், பூட்ஸ் காலால் மண்ணை மிதித்துப் பார்ப்பார், பந்தைத் தட்டிப் பார்ப்பார், தலையசைப்பார் அல்லது உதட்டைப் பிதுக்குவார். ஊரே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். புல் நன்றாக இருந்தும் சில நாள் ஆட்டம் நிற்கும். மைதானத்துக்கு வரும் தெருவும் படிக்கட்டும் பனிக்கட்டியாக இருந்தால் ஆள் விழுந்து அடிபடுவார்கள். ஆட்டத்தைவிட அது பெரிய விஷயம், நிறுத்துவதுதான் சரி.

கொடைக்கானல் வாசகர்: குளிர் கால்பந்தை முழுசாகத் தோற்கடித்த வருடம் உண்டா?

1962-63. பாக்ஸிங் டே சமயத்தில் விழுந்த பனி மார்ச் வரை போகவில்லை. எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்று ஜனவரி 5 அன்று தொடங்கி மார்ச் 11 அன்று முடிந்தது. ஒரே சுற்றுக்கு 66 நாள். ஹாலிஃபாக்ஸ் டவுன் தன் மைதானத்தைப் பனிச்சறுக்குத் தளமாக்கிக் கட்டணம் வசூலித்தது. ஆட்ட முடிவுகளைக் கணித்துப் பணம் கட்டும் ‘பூல்ஸ்’ போட்டிக்கு முடிவுகளே இல்லாமல் போனதால், நடக்காத ஆட்டங்களின் முடிவைச் சொல்ல ஒரு குழுவை உட்கார வைத்தார்கள். மே முதல் வாரத்தில் நடக்க வேண்டிய இறுதி ஆட்டம் மே 25-க்குப் போனது. மான்செஸ்டர் யுனைடெட் 3-1 என்று லெஸ்டரை வென்றது. தோற்கடித்ததா என்று கேட்டீர்கள். தள்ளித்தான் போட முடிந்தது.

சேலம் வாசகர்: பனியில் வெள்ளைப் பந்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கண்டுபிடிக்க மாட்டார்கள், மாற்றிவிடுவார்கள். ஆரஞ்சுப் பந்து வரும். ஆரஞ்சுப் பந்து உள்ளே வந்தால் குழந்தைகள் முதல் தாத்தாக்கள் வரை ஒரு ஆரவாரம் எழும் பாருங்கள், கோலுக்குக் கூட அத்தனை ஒற்றுமை இருக்காது.

புதுச்சேரி வாசகர்: வீரர்கள் கையுறை போடுகிறார்கள். கழுத்தில் மட்டும் எதுவும் சுற்றுவதில்லையே?

சுற்றினார்கள். கழுத்தை மூடும் துணி வளையம் ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. யாராவது பிடித்து இழுத்தால் ஆபத்து என்று 2011-ல் விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் தடை விதித்தது. கை குளிரலாகாது, கழுத்து நெரியலாகாது.

நாகர்கோவில் வாசகர்: கிறிஸ்துமஸ் அன்றே ஆடிய காலமும் உண்டாமே?

உண்டு. காலையில் கோயில், மதியம் மைதானம், இரவு விருந்து. டிசம்பர் 25-ல் ஓர் அணியோடு ஆடி, மறுநாள் அதே அணியின் ஊருக்குப் போய் மறுபடி ஆடுவதும் வழக்கமாக இருந்தது. 1950-களின் கடைசியில் அந்தப் பழக்கம் தேய்ந்தது. அன்றைய உச்ச லீக்கான முதல் டிவிஷனில் கடைசியாகக் கிறிஸ்துமஸ் நாளில் நடந்தது 1965-ல், பிளாக்பூல் 4, பிளாக்பர்ன் 2. நின்றுபோனது நல்லதுதான். பஸ் ஓட்டுபவர், வாசலில் டிக்கெட் கிழிப்பவர், தேநீர்க் கடைக்காரர் எல்லாருக்கும் வீட்டில் ஒரு பண்டிகை உண்டு.

தூத்துக்குடி வாசகர்: பண்டிகை ஆட்டங்களில் மறக்க முடியாத ஒரு நாள்?

1963 டிசம்பர் 26. முதல் டிவிஷனில் பத்து ஆட்டம், 66 கோல். ஃபுல்ஹம் 10-1 என்று இப்ஸ்விச்சை வென்றது. பிளாக்பர்ன், லண்டனுக்கு வந்து வெஸ்ட் ஹாமை 8-2 என்று நொறுக்கியது. பர்ன்லி 6-1 என்று மான்செஸ்டர் யுனைடெட்டை வீழ்த்தியது. இரண்டே நாளில் அதே ஜோடிகள் மறுபடி சந்தித்தன. இப்ஸ்விச் 4-2 என்று ஃபுல்ஹமை வென்றது, வெஸ்ட் ஹாம் 3-1 என்று பிளாக்பர்னை வென்றது, யுனைடெட் 5-1 என்று பர்ன்லிக்குத் திருப்பிக் கொடுத்தது. தோல்வியில் துவண்டிருக்கும் யாருக்கும் நான் சொல்லும் கதை இதுதான். பத்து கோல் வாங்கியவனும் மூன்றாம் நாள் எழுந்து ஜெயித்திருக்கிறான்.

கடலூர் வாசகி: எல்லாம் ஆண்கள் கதையாகவே இருக்கிறது. பெண்கள் அந்தக் குளிரில் எங்கே இருந்தார்கள்?

மைதானத்தின் நடுவில். முதல் உலகப்போர் நேரத்தில் பிரஸ்டன் நகரத்து டிக், கெர் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் ஓர் அணி கட்டினார்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று டீப்டேல் மைதானத்தில் பத்தாயிரம் பேர் முன்னால் ஆடி, காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பணம் திரட்டினார்கள். 1920 பாக்ஸிங் டே அன்று கூடிசன் பார்க்கில் செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் அணியோடு ஆடினார்கள். உள்ளே 53,000 பேர், வெளியே இடமில்லாமல் திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில். பாராட்டு வந்திருக்க வேண்டும். வந்தது தடை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், பெண்களுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது என்று சொல்லி, தன் உறுப்பு கிளப்புகளின் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அந்தக் கதவு திறக்கவில்லை. டிக், கெர் அணியின் லில்லி பாருக்கு 2019-ல் மான்செஸ்டர் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் சிலை வைத்தார்கள். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் உங்கள் கடலூர்ப் பெண்தான். உங்கள் தெருவில் பந்து உதைக்கும் சிறுமியிடம் இரண்டு பேர் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

யாழ்ப்பாணம் வாசகர்: அங்கத்தைய தொழில்முறை உதைபந்தாட்டத்தில் எங்கட பிள்ளைகள் ஆரும் இருக்கினமா?

இருக்கிறார். விமல் யோகநாதன், ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்தவர். எங்கள் பக்கத்து ஊரான பார்ன்ஸ்லியின் முதல் அணிக்கு 2024-ல் ஆடத் தொடங்கினார். லண்டன், டொரன்டோ, பாரிஸ் என்று ஞாயிறு காலைகளில் தமிழ்ப் பிள்ளைகள் சேற்றில் ஆடுவதை நீங்கள் பார்த்தால் அவர் கடைசி ஆள் இல்லை என்று நம்புவீர்கள். 2018-ல் லண்டனின் சிறு கிளப் மைதானங்களில், ஃபிஃபாவில் சேராத அணிகளுக்காக நடந்த கொனிஃபா உலகப் போட்டியில் தமிழீழ அணியும் ஆடியது. குளிரில் பிள்ளையைப் பயிற்சிக்குக் கூட்டிப்போய் கோட்டோரம் விறைத்து நிற்கிற அப்பா அம்மாவுக்குத்தான் முதல் கைதட்டல்.

லெஸ்டர் வாசகர்: கிரவுண்டில் யாராவது என் நிறத்தைச் சொல்லிக் கத்தினால் என்ன செய்வது?

பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். 1991-ல் வந்த கால்பந்துக் குற்றங்கள் சட்டப்படி இனவெறிக் கோஷம் குற்றம். 1999 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் தனியாகக் கத்தினாலும் குற்றம். மைதானப் பணியாளரிடம் உடனே சொல்லுங்கள், இருக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1993 முதல் இயங்கும் ‘கிக் இட் அவுட்’ அமைப்பிலும் புகார் கொடுங்கள். அடுத்த வாரமும் போய் அதே இடத்தில் உட்காருங்கள். அந்த இருக்கை உங்களுடையது.

பெங்களூரு வாசகர்: வீரர்களுக்கு ஓய்வு வேண்டாமா? இங்கிலாந்தும் ஜெர்மனி மாதிரி இடைவெளி விடலாமே?

விட்டுப் பார்த்தார்கள். 2019-20 முதல் பிரீமியர் லீக்கில் நடுச்சீசன் இடைவெளி ஒன்று இருந்தது, 2024-25-ல் எடுத்துவிட்டார்கள். ஸ்வீடனும் நார்வேயும் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிக்கின்றன. ஜப்பான் 2026 முதல் ஆகஸ்ட் தொடக்கத்துக்கு மாறி, கடும் பனி மாதங்களில் இடைவெளி விட முடிவு செய்தது. என் கருத்து: பாக்ஸிங் டே ஆட்டம் ஊருக்குத் திருவிழா, அதைத் தொடக் கூடாது. ஆனால் ஜனவரியில் இரண்டு வாரம் கட்டாய ஓய்வு வேண்டும். தசைநார் கிழிந்து படுக்கும் இளைஞனின் வலியில் நமக்கு ஆட்டம் வேண்டாம்.

டொரன்டோ வாசகர்: குளிர்காலத்தில் பிறந்த ஒரு கோல் சொல்லுங்கள்.

1972 பிப்ரவரி 5, ஹியர்ஃபர்ட். எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்றின் மறு ஆட்டம், மழையால் தள்ளித் தள்ளி அன்றுதான் நடந்தது. முதல் டிவிஷன் நியூகாசிலுக்கு எதிரே லீக்கிலேயே இல்லாத ஹியர்ஃபர்ட். மைதானம் முழங்கால் அழுக்காகும் சேறு. கடைசி நிமிடங்களில் ரோனி ராட்ஃபர்ட் முப்பது கெஜத்திலிருந்து உதைத்த பந்து வலையின் மேல்மூலையில் போய் விழுந்தது. கூடுதல் நேரத்தில் ரிக்கி ஜார்ஜ் இன்னொன்று போட, 2-1. இளம் வர்ணனையாளராக அன்று மைக் பிடித்தவர் அதே ஜான் மாட்சன். காயாத சேற்றில் பெரியவனும் சின்னவனும் ஒரே உயரம்.

சென்னை வாசகர்: ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் டிவியில் பார்க்கிற நான் உண்மையான ரசிகன் இல்லை என்கிறார்களே?

மார்கழி இரவில் வீட்டார் தூங்க, சத்தத்தை அடக்கி வைத்துவிட்டு ஒரு கோலுக்கு வாயைப் பொத்திக்கொண்டு துள்ளுகிறவன் ரசிகன் இல்லையென்றால் வேறு யார்? தூரம் அன்பைக் குறைப்பதில்லை. ஒன்று மட்டும் கேட்பேன். சென்னையிலும் கால்பந்து இருக்கிறது. சென்னையின் எஃப்.சி. 2015-லும் 2017-18-லும் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. மதுரை சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. தூரத்து அணிக்கு இரவைக் கொடுங்கள், பக்கத்து அணிக்கு ஒரு சாயங்காலத்தைக் கொடுங்கள்.

திருநெல்வேலி, ஒரு தாய்: மகன் படிக்க அங்கே வந்து முதல் குளிர்காலம். அறையை விட்டு வெளியே போகவே பிடிக்கவில்லை என்கிறான். ஊரில் எந்நேரமும் பந்தும் கையுமாக இருந்த பிள்ளை. என்ன சொல்ல அம்மாவாக நான்?

அம்மா, உங்கள் கேள்விக்குத்தான் இந்த வாரம் முதலில் பதில் எழுதி வைத்தேன். நாலு மணிக்கே இருட்டுகிற ஊரில் புதிதாக வந்த பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும். அது அவன் குறையும் அல்ல, உங்கள் குறையும் அல்ல. தினமும் போனில் அவன் முகத்தைப் பாருங்கள். மனம் மிகவும் சோர்ந்திருந்தால் பல்கலைக்கழகத்தில் மாணவர் நல ஆலோசகர் இருப்பார், தயங்காமல் போகச் சொல்லுங்கள்.

அதோடு, சனிக்கிழமை மதியம் அவன் இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலுள்ள மிகச் சின்ன கிளப்பின் மைதானத்துக்குப் போகச் சொல்லுங்கள். பிரீமியர் லீக் வேண்டாம். அங்கே டிக்கெட் விலை அதிகம், எழுபதாயிரம் பேர் நடுவிலும் தனியாக இருக்கலாம். இருநூறு பேர் நிற்கும் மைதானத்தில் தனியாக இருக்க முடியாது. இரண்டாம் வாரம் வாசலில் இருப்பவர் அவனை அடையாளம் கண்டுகொள்வார். ஒரு வாரம் போகாவிட்டால், போன வாரம் ஏன் வரவில்லை என்று அடுத்த முறை கேட்பார். அந்தக் கேள்வி கிடைத்த இடம்தான் ஊர். அப்படிப்பட்ட கிளப்புகள் தன்னார்வலர்களால் ஓடுகின்றன. கொடி நடவும் தேநீர் கொடுக்கவும் வலை கட்டவும் அவர்களுக்கு எப்போதும் ஆள் வேண்டும். பந்தும் கையுமாக இருந்த பிள்ளை என்கிறீர்கள், அந்தக் கைக்கு அங்கே வேலை இருக்கிறது.

வெளிநாட்டுக் குளிர்காலத்தில் நான் நம்புவது இது ஒன்றைத்தான்: கூட்டமாக நின்றால் குளிர் தாங்கும். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பி வையுங்கள் அம்மா.

சென்னை வாசகி: டிசம்பர் கடைசியில் இரண்டே நாள் வட இங்கிலாந்தில் இருப்பேன். எங்கே போக?

முதல் நாள் மான்செஸ்டர். தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் லில்லி பாரைப் பார்த்துவிட்டு ரயிலேறுங்கள், சுமார் ஒரு மணி நேரத்தில் ஷெஃபீல்டு. ஆனால் டிசம்பர் 25, 26 தேதிகளில் ரயிலை நம்பிப் பயணம் போடாதீர்கள், அநேகமாக ஓடாது. இரண்டாம் நாள் சாண்டிகேட். உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம், குன்றுச் சரிவில் இருப்பதால் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். ஹாலம் அங்கே இன்றும் ஆடுகிறது. உறைபனி விழுந்தால் ஆட்டம் தள்ளிப்போகும், காலையில் கிளப்பின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காலுக்கு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தேநீரும் டிக்கெட்டும் காசு கொடுத்தே வாங்குங்கள், அந்தப் பணத்தில்தான் அடுத்த சனிக்கிழமை நடக்கிறது. தமிழில் கத்தி உற்சாகப்படுத்தலாமா என்று தயங்க வேண்டாம். கோல் விழுந்தால் எந்த மொழியில் கத்தினாலும் ஹாலம் கணக்கில்தான் சேரும்.